பெரியவனுக்குக் கொடுத்த இடம்

"அதுல கை வைக்காதீங்கன்னு சொல்றேன்ல—"

"நான் எங்க கை வச்சேன்? கேக்கத்தானே செய்யறேன், அந்த ஒருத்தனுக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு—"

"கேக்கற ஆளு மவுஸ எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?"

"நீ பதில் சொன்னா நான் ஏன் பிடிக்கறேன்?"

"சொல்லிட்டேன். நேத்தே சொன்னேன். வீட்லயும் சொன்னேன், இங்கயும் சொன்னேன். இடம் இல்ல. சுத்தமா இல்ல."

"திரையப் பாரு தாயே! உன் பெரியவன் அரை வயித்தோட உக்காந்திருக்கான். பச்சை. கணக்கு, பச்சை. கண்ணு, பச்சை. எல்லாரும் பச்சையா இருக்காங்க, நீ ஒருத்திதான் செவப்பு."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் இதுதான் கதி. வீட்டுச் சண்டையை மூட்டை கட்டி ஆபீசுக்குக் கொண்டுவருவார்கள், ஆபீஸ் சண்டையைப் பிரித்து வீட்டுக் கூடத்தில் பரப்புவார்கள். அது ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு. மீனும் இறைச்சியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் அறைகள். அந்த அறைகளுக்கு அவர்தான் சூப்பர்வைசர். காதை மூடி இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் கிடங்கு முழுக்க அவருக்குக் குல்லாக்காரர் என்றே பெயர். கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொள்பவள் அவள். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்கும் ஒரு சர்வர். அதுதான் அவள் ராஜ்ஜியம்.

சர்வர் ஒன்றுதான். ஆனால் அதன் வயிற்றுக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் ஓடின. மெய்நிகர் கணினி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். கூட்டுக்குடும்பம் என்று வைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். ஒவ்வொன்றும் தான் தனிக்குடித்தனம் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்த அறையில் ஆள் இருப்பதே அதற்குத் தெரியாது. கீழே ஹோஸ்ட் என்று ஒன்று இருந்துகொண்டு, இருக்கிற மெமரியை எல்லாருக்கும் பங்கு வைத்துத் தரும். அவள் மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். பில் போடுவது கணக்கு. கேமராக்களைப் பதிவு செய்வது கண்ணு. குளிர் அறைகளைக் காப்பது பெரியவன்.

பெரியவன் மேல்தான் அவளுக்கு உயிர். குளிர் அறையின் கனத்த கதவைத் திறந்து மூடுவது அவன். அந்தக் கதவு நிலையோடு சேர்ந்து உறைந்துவிடாமல் ஓரமாக ஓடும் சூட்டுக் கம்பியைப் பார்த்துக்கொள்வது அவன். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுத்தும் மணியும் அவர்களோடு பேசவும் அவர்கள் பேசுவதைக் கேட்கவும் இருக்கிற ஒலிபெருக்கியும் அவன் வழியாகத்தான். ஆகவே இருந்த மெமரியில் பெரும்பங்கை அவனுக்குத்தான் கொடுத்திருந்தாள். பிள்ளை தட்டில் அள்ளி அள்ளி வைக்கிற கை அது.

இப்போது அவர் புதிதாக ஒருவனைக் கூட்டி வந்திருந்தார். பெட்டிகளை ஸ்கேன் செய்து எண்ணுகிற புது ப்ரோக்ராம். சும்மா ஓட்டிப் பாருங்கள் என்று விற்பவர்கள் அனுப்பியது. அது வந்து இறங்கிய தோரணையையும் கேட்ட இடத்தையும் பார்த்து அவளே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள்.

"பச்சைங்கறது அவனவன் ரூமுக்குள்ள நின்னு சொல்றது," என்றாள். "கீழ ஹோஸ்டக் கேளுங்க. இருக்கறதுக்கு மேலயே எல்லாருக்கும் வாக்குக் கொடுத்து வச்சிருக்கான். எல்லாரும் ஒரே நேரத்துல வந்து கேக்க மாட்டாங்கங்கற தைரியம்."

"கேட்டா?"

"கேட்டா ஒருத்தனத் தீர்த்துடுவான். சொல்லாம கொள்ளாம."

"ஏதோ பரண் இருக்குன்னு சொன்னியே. மெமரி நிறைஞ்சா மிச்சத்த டிஸ்க்குக்குத் தூக்கிப் போட்டுக்குவான்னு?"

"பரண மூட வச்சது யாரு?" அவள் குரல் ஏறியது. "மேல போட்டத எடுத்து வர நேரமாகுது, கதவு மெதுவாத் திறக்குது, உன் கம்ப்யூட்டர் சாப்பிட்டுட்டுத் தூங்குதான்னு இங்க வந்து குதிச்சது யாரு?"

"அப்ப அதுவும் என் தப்பா?"

"மூடினது என் தப்பு. உங்க பேச்சக் கேட்டது அதவிடப் பெரிய தப்பு."

"இங்க பாரு. மதியம் வாங்கறவங்க வராங்க. ஒரு அறையாவது எண்ணிக் காட்டணும். பத்து நிமிஷ வேலை, ஒரே ஒரு அறை. நீ இப்படி வாசல்ல நின்னு மறிச்சீன்னா, 'குல்லாக்காரன் பெண்டாட்டிகிட்ட அனுமதி வாங்கப் போயிருக்கான்'னு ஃபிட்டர் வரைக்கும் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

"நாளைக்கு நிறுத்திடறேன். சத்தியமா."

"என்னமோ பண்ணித் தொலைங்க."

சொன்னாள். வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தவர் போலச் சட்டென்று அமுக்கினார். நாலாவது பச்சை விளக்கு எரிந்தது. "பாத்தியா? வீடு இடிஞ்சு விழல," என்று சொல்லிவிட்டு, ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனார்.

கதவு சாத்திய பிறகுதான் பார்த்தாள். அவருடைய தடித்த ஜாக்கெட் அவள் நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூப்பிட வாயெடுத்தாள். வீம்பு விடவில்லை. பத்து நிமிஷம்தானே, நடுங்கட்டும், புத்தி வரும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு பின்னால் அவளை என்ன பாடுபடுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

மாப்பிள்ளையின் திரையில் பெட்டிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு வரி. மீன், அடுக்கு, பெட்டி எண். மீன், அடுக்கு, பெட்டி எண். கோபத்தில் இருக்கிற மனுஷன் வேலையை வேகமாகச் செய்வார் என்பது அவளுக்குத் தெரியும். வரிகள் மடமடவென்று விழுந்தன. மாப்பிள்ளை ஊதிக்கொண்டே போனான். அந்த நேரம் பார்த்து மேல்மாடியில் மேனேஜர் மாதக் கடைசி பில்களை மொத்தமாகப் போடச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது, கணக்கும் வாயைத் திறந்தது. கீழே ஹோஸ்டின் கையில் மிச்சமிருந்த மெமரி, ஓட்டைக் குடத்துத் தண்ணீராக இறங்கியது.

"ஐயையோ, நில்லு, நில்லு—" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மவுசைப் பிடித்தாள்.

பெரியவனைக் காணோம்.

சிவப்பாகவில்லை, மஞ்சளாகவில்லை. பெயரிருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. ஹோஸ்ட் தன் பாஷையில் இரண்டு வரி எழுதிவைத்திருந்தது. மெமரி தீர்ந்துவிட்டது. அதிகம் வைத்திருந்தவனை நிறுத்தினேன்.

அதிகம் வைத்திருந்தவனை.

ஹோஸ்டுக்கு எது கதவு, எது பில் என்று தெரியுமா? எவன் நிறைய வைத்திருக்கிறானோ அவனைத் தள்ளினால் நிறைய இடம் கிடைக்கும். அவ்வளவுதான் அதன் கணக்கு. இவனைத் தொடாதே என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் தொட்டிருக்காது. அவள் எழுதவில்லை. இவ்வளவு அள்ளிக் கொடுத்திருக்கிறோமே, இவனை யார் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிட்டாள். அவள் கொடுத்த இடமே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவன் போனால் கதவு?

செல்லை எடுத்து அவருக்கு அடித்தாள். முதுகுக்குப் பின்னால், நாற்காலியில், ஜாக்கெட் பாக்கெட்டில் அவர் செல் பாடியது. அவள் துள்ளி எழுந்து அந்த ஜாக்கெட்டையே ஒரு பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அடுத்து ஃபிட்டருக்கு.

"தம்பி, மீன் அறைக்கு ஓடு. அவர் உள்ள இருக்காரு. கதவு திறக்காது."

"என்னக்கா, மறுபடி சண்டையா? பூட்டி வச்சுட்டீங்களா?" அவன் சிரித்தான்.

"ஓடுடான்னா!"

அந்தக் குரலில் அவன் சிரிப்பு அறுந்தது. ஓடுகிற செருப்புச் சத்தம் செல்லுக்குள் கேட்டது.

அவள் பெரியவனை எழுப்பினாள். எழுந்தான். மெமரியை எடுக்க ஆரம்பித்தான், எடுத்தான், எடுத்தான், சாம்பல் புள்ளியானான். மறுபடி அதே இரண்டு வரி. சரி, பங்கைக் குறைத்து எழுப்பலாம் என்று பாதியாக்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவனுக்குள் இருந்த கதவு ப்ரோக்ராம் இவ்வளவு போதாது, ஆரம்பிக்க மாட்டேன் என்று எழுதிவிட்டு நின்றுகொண்டது. நல்ல சாப்பாட்டுக்குப் பழகின பிள்ளை. பழக்கியது யார்?

"அக்கா," என்று ஃபிட்டர் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. "கார்டு வச்சேன், விளக்கே வரல. கம்பி போட்டு நெம்பறேன். ஓரமெல்லாம் பனி கட்ட ஆரம்பிச்சிடுச்சு. சூட்டுக் கம்பி செத்துப் போச்சா?"

"உள்ளேருந்து திறக்கற கைப்பிடி?"

"அது உறைஞ்சு போய் எவ்வளவு நாளாச்சுக்கா. குல்லாக்காரர்தான் மேனேஜர்கிட்ட மாத்தச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுக் கிடந்தாரு."

"தட்டு. உள்ள கேக்குதான்னு பாரு."

"இந்தக் கதவுல பீரங்கி வச்சாலும் உள்ள கேக்காதுக்கா. மின்விசிறி வேற ஓடுது."

அவள் கண்கள் மாப்பிள்ளையின் திரைக்குப் போயின. வரிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. மீன், அடுக்கு, பெட்டி எண். அப்பா! இருக்கிறார், எண்ணிக்கொண்டிருக்கிறார், இன்னும் கதவிடம் வரவில்லை, ஒன்றும் தெரியாது. அந்த வரிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இடம் வேண்டும். யாரை நிறுத்துவது? மாப்பிள்ளைதான் பெரியவனுக்கு அடுத்தபடி பெருத்தவன். நியாயமாகப் பார்த்தால் அவனைத்தான். அவள் விரல் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் கண்ணுவை நிறுத்தினாள். குளிர் அறைக் கேமராவில் பனி படிந்து எப்போதும் வெள்ளையாகத்தான் தெரியும், போகட்டும். கொஞ்சம் இடம் கிடைத்தது. பெரியவனை எழுப்பினாள். எழுந்தான். இந்தத் தடவை இன்னும் கொஞ்ச தூரம் வந்தான். விழுந்தான்.

மேஜை போன் அலறியது. மேனேஜர்.

"ஏம்மா, கேமரா எல்லாம் கறுப்பா இருக்கு? வாங்கறவங்க வர நேரத்துல—"

"சார், பில் கம்ப்யூட்டர நிறுத்தப் போறேன்."

"என்னது? பாதி பில் போயிட்டிருக்கு! வாசல்ல லாரி நிக்குது, டிரைவர் ஒவ்வொருத்தனும் என் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துப் பேசறான். ஒரு பத்து நிமிஷம்—"

பத்து நிமிஷம் என்ற சொல் அவள் உச்சியில் அடித்தது.

"சார், கதவு செத்துப் போச்சு. என் வீட்டுக்காரர் மீன் அறைக்குள்ள இருக்காரு. ஜாக்கெட் இல்லாம இருக்காரு."

மேனேஜர் சின்னக் குரலில், "அந்தக் கைப்பிடிய மாத்தலாம்னுதான் இருந்தேன்மா," என்றார்.

அவள் போனை வைத்தாள். கணக்கை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் திரையைத் திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஒரே வரி. மீன், கதவோர அடுக்கு, ஒரே பெட்டி எண். மறுபடி அதே பெட்டி. மறுபடி அதே பெட்டி. மறுபடி.

முதலில் ப்ரோக்ராம்தான் கிறுக்குப் பிடித்துத் திரும்பத் திரும்ப எழுதுகிறதோ என்று நினைத்தாள். பிறகு புரிந்தது. புரிந்ததும் ஜாக்கெட்டின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவர் கதவிடம் வந்துவிட்டார். கார்டு வைத்துப் பார்த்திருப்பார். கைப்பிடியை இழுத்துப் பார்த்திருப்பார். மணியை அழுத்தியிருப்பார், அது செத்த மணி. செல்லைத் தேடி இல்லாத ஜாக்கெட்டின் பாக்கெட்டுக்குக் கையைக் கொண்டுபோயிருப்பார். கையில் மிச்சம் ஸ்கேனர். அது எழுதுவது இவள் திரையில் வரும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்திலிருக்கிற பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஏய். ஏய். இங்க பாரு. ஏய்.

"பாத்துட்டேங்க," என்றாள் திரையிடம். "பாத்துட்டேன், பாத்துட்டேன்."

பெரியவனை எழுப்பினாள். இப்போது கண்ணுவும் இல்லை, கணக்கும் இல்லை. எழுந்தான். கதவுப் பட்டியல் வந்தது, அறைப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன, மீன் அறையின் பெயர் வந்தது. மாப்பிள்ளையின் திரையில் இன்னொரு வரி விழுந்தது. அந்த வரியோடு சேர்த்து அவனும் இன்னொரு கவளம் எடுத்தான். பெரியவன் சாம்பலானான்.

அவர் கூப்பிடுகிற ஒவ்வொரு கூப்பாடும் கதவைத் திறக்க வருகிறவனின் இடத்தைத் தின்றுகொண்டிருந்தது.

வரிகளுக்கு நடுவே இப்போது இடைவெளி விழுந்தது. ஒன்று. பிறகு வெகுநேரம் கழித்து ஒன்று. விரல் மரத்திருக்கும். அந்த ஸ்கேனரின் பித்தான் எவ்வளவு கெட்டி என்று முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தார். 'அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்குது, விக்கிறவன் விரல்ல ஒருநாள் வச்சு அமுக்கணும்.' அவள் அப்போது, 'வாய் ஒண்ணுதான் உங்களுக்கு வீங்காது,' என்று சொல்லியிருந்தாள்.

"அக்கா!" ஃபிட்டர். "கம்பி வளைஞ்சு போச்சு. வெல்டிங் மிஷினக் கொண்டு வரச் சொல்லட்டா?"

"சொல்லு. எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லு."

"அழாதீங்கக்கா."

"அழல. நீ நெம்பு."

மாப்பிள்ளையை நிறுத்தினால் பெரியவன் நிலைப்பான். அது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தேதான் அக்கம்பக்கத்தில் எல்லாம் வெட்டிப் பார்த்தாள். அதில் போன நிமிஷங்கள் போயின. நிறுத்தினால் இந்த வரி வராது. வரி வராவிட்டால், அவர் இருக்கிறாரா என்று சொல்ல உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அவர் கையிலிருக்கும் ஸ்கேனர் செத்துவிடும். 'பார்த்துவிட்டாள், இப்போது வந்துவிடுவாள்' என்று அமுக்கிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள் என்றுதான் படும். காலையில் போட்ட சண்டைக்கு இதுதான் பதில் என்றுகூடப் படலாம்.

ஒரு வரி வந்தது. அதே பெட்டி.

இன்னொன்று வரட்டும், அதைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறேன் என்று நினைத்தாள். காத்திருந்தாள். வரவில்லை. சர்வர் இரைந்தது. வரவில்லை. வந்தது.

"மன்னிச்சுக்குங்க," என்று மாப்பிள்ளையை நிறுத்தினாள்.

திரை அப்படியே உறைந்து, பிறகு கறுத்தது.

பெரியவனை எழுப்பினாள். வெற்று வீட்டுக்குள் ஒற்றை ஆளாக அவன் ஏறி வந்தான். கதவுப் பட்டியல். அறைப் பெயர்கள். மீன் அறை. எவ்வளவு மெதுவாக வருகிறான்! அவள் ஜாக்கெட்டின் கையைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தாள். எடுத்தான், எடுத்தான், நின்றான். விழவில்லை. பச்சை.

மீன் அறைக் கதவைத் திற என்று கொடுத்தாள்.

"மோட்டார் ஓடுதுக்கா!" ஃபிட்டர் கத்தினான். "விளக்கு வந்துடுச்சு! இழுக்குது, ஆனா நகரல. பனி பிடிச்சு வச்சிருக்கு. முனகுது."

"சூட்டுக் கம்பி?"

"இப்பத்தான் சூடு ஏறுது. இளகணும்க்கா. இருங்க, எல்லாரும் சேர்ந்து தள்ளறோம். மேனேஜரும் வந்துட்டாரு. சார், தோள் கொடுங்க சார்!"

அவள் உள்மணியின் பக்கத்தைப் பார்த்தாள். இப்போது அது உயிரோடிருந்தது. அவர் அழுத்தினால் இங்கே மணி அடிக்கும். அடிக்கவில்லை. ஒருவேளை இனி அழுத்தி என்ன பயன் என்று விட்டுவிட்டாரோ. ஒருவேளை கதவைவிட்டு நகர்ந்து போய்விட்டாரோ. ஒருவேளை என்று அடுத்து வந்ததை நினைக்காமல் ஒலிபெருக்கியின் பித்தானை அழுத்தினாள். அறைக்குள்ளிருந்து மின்விசிறியின் இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலுக்குள் வேறு ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். ஒரு செருமலாவது, ஒரு செருப்பின் உரசலாவது.

"ஏங்க. நான்தான். கதவு இளகிட்டிருக்கு, ஃபிட்டர் தம்பி வெளிய நிக்கறான். ஸ்கேனர நிறுத்தினது நான்தாங்க. கோவத்துல இல்ல. உங்களுக்கு இடம் பண்ணத்தான்."

மின்விசிறி ஓடியது.

"தூங்கிடாதீங்க. கையத் தட்டுங்க. எதையாவது தள்ளி விடுங்க, சத்தம் வந்தாப் போதும்."

செல்லுக்குள் ஃபிட்டரும் மேனேஜரும் இன்னும் யார் யாரோ சேர்ந்து, தள்ளு, தள்ளு என்று கத்துவது கேட்டது. அவள் மைக்கிற்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

"சரி, நான்தான் தோத்தேன்னு வச்சுக்குங்க. பச்சைன்னு நீங்க சொன்னதே சரி. எங்க, இப்ப என்கூட ஒரு வார்த்தை சண்டை போடுங்க பாக்கலாம்."